பார்ட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன்

விற்பவர் வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டால் தரகர் உட்காருவதில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்தபடி நின்றே பேசுவார். "நாம உட்கார்ந்தா விலையும் உட்கார்ந்துடும், அப்புறம் நகராது" என்பார். பேச்சுக்கு நடுவே குளியலறைக் குழாயைத் திறந்து மூடுவார். சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் தலையை ஆட்டுவார். அந்தச் சத்தத்தில் என்ன தெரிகிறது என்று இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனிதர் மாட்டிக்கொண்டிருப்பார்.

வாங்குபவரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார். யாராக இருந்தாலும் பார்ட்டிதான். "பார்ட்டி முப்பத்தஞ்சு லட்சத்துல நிக்கிறாரு. நான்தான் கையில கால்ல விழுந்து முப்பத்தாறாக்கி வச்சிருக்கேன்." விற்பவர் இறங்கி வராவிட்டால், "பார்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடறேன்" என்று வாசலுக்குப் போய் ஃபோன் செய்வார். விலை முடியும்வரை இரண்டு பக்கத்தையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விடமாட்டார். "நேர்ல பார்த்தா கோபம் வரும், இல்லைன்னா பாவமா இருக்கும். ரெண்டும் வியாபாரத்துக்கு ஆகாது." முடிந்துவிட்டால் மட்டும் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, இடக்கையால் விற்பவர் கையையும் வலக்கையால் வாங்குபவர் கையையும் பிடித்திழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார். பத்திரம், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊரில் பாதிப் பேரைக் குடியேற்றிய இவர் இருப்பது வாடகை வீட்டில். ஒன்பது வீடு மாறியாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் மனைவி அலமாரித் தட்டுகளுக்கு அளவெடுத்துக் காகிதம் வெட்டி விரிப்பாள். அது பழுப்பேறுவதற்குள் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். இப்போதைய வீட்டுக்காரரும், மகன் குடிவருகிறான் என்று மூன்று மாதக் கெடு கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வு பெற்ற கம்பவுண்டர் ஒருவரின் வீடு தரகர் கைக்கு வந்தது. கம்பவுண்டர் மகளோடு போய் இருக்கப்போகிறவர். அவர் வெளியூர் போயிருந்த ஒரு நாள், சாவி கையில் இருக்கிறதே என்று தரகர் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். போகலாம் என்று கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு அந்த வீட்டைக் காட்டினார். இரண்டு பேரிடமும், சுவரில் ஈரம் ஏறும் மூலையைத்தான் முதலில் காட்டியது வீடு திரும்பிய பிறகு உறைத்தது.

நான்தான் வாங்குகிறேன் என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு எந்த முகத்தோடு குறைத்துக் கேட்பது? சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தால் முப்பத்தொன்பது. அதற்கு மேல் புரட்ட வழியே இல்லை. எனவே பார்ட்டியின் சார்பில் போய் நின்றார்.

கம்பவுண்டர் நாற்பது என்றார். தரகர் முப்பத்தெட்டு என்றார்.

"பார்ட்டி நல்ல மனுஷன்தானே?"

"பரவாயில்லை சார். தெரிஞ்சவர்தான்" என்றார் தரகர், நாற்காலியைப் பார்த்துக்கொண்டு.

கம்பவுண்டர் அசையவில்லை. வழக்கம்போல "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று தரகர் வாசலுக்கு வந்தார். சட்டைப் பையைத் தொட்டால் ஃபோன் இல்லை. உள்ளே மேசைமேல் கிடக்கிறது. உடனே திரும்பினால் மானம் போய்விடும். ஒரு ஆளோடு பேச எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மதில் ஓரமாக நின்றுவிட்டு உள்ளே போனார்.

"பார்ட்டி முப்பத்தொன்பதுக்கு வர்றாரு சார். அதுக்கு மேல முடியவே முடியாதாம்."

கம்பவுண்டர் மேசைமேல் இருந்த ஃபோனை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார். "இது விடாம அடிச்சுது. அவசரமோ என்னமோன்னு எடுத்தேன். உங்க வீட்டம்மா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, 'அந்த சார் என்ன சொன்னாரு, நமக்குக் கொடுப்பாரா'ன்னு கேட்டாங்க."

தரகரின் கக்கத்துக் குடை நழுவி விழுந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, விற்பவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்லயே சொல்லியிருக்கணும் சார். வந்த ரெண்டு பேரையும் நானே கலைச்சு விட்டுட்டேன். வேற ஆளை வச்சுக் காட்டுங்க. நல்ல விலை வரும்."

மருந்தை ஒழுங்காகக் குடித்தேன் என்று நோயாளிகள் சொல்லும் பொய்யை முப்பது வருடம் கேட்டவர் கம்பவுண்டர்.

"கோபம்தான். இல்லைன்னு சொல்லமாட்டேன்" என்றார். "சரி, நாற்பதுக்கு வித்தா உங்களுக்குக் கமிஷன் கொடுக்கணும். அது போக என் கைக்கு எவ்வளவு வரும்?"

"முப்பத்தொன்பது சொச்சம்."

"இப்போ கமிஷன் கேப்பீங்களா?"

"எப்படி சார் கேப்பேன்?"

"அப்போ சொச்சத்தை நான் விட்டுடறேன். பாவம் பார்த்துச் சொல்றதா நினைச்சுக்காதீங்க, கணக்குப் பார்த்துத்தான் சொல்றேன். முப்பத்தொன்பது. பார்ட்டிக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க."

தரகர் எழுந்தார். பழக்கம் விடவில்லை. இடக்கையால் கம்பவுண்டரின் கையைப் பிடித்தார். வாங்குபவரின் கையைத் தேடிப்போன வலக்கை, பக்கத்தில் வெறும் காற்றில் ஒருமுறை துழாவியது. பிறகு மெல்லத் திரும்பி வந்து, கம்பவுண்டரின் கைமேல் தானே உட்கார்ந்துகொண்டது.