முகமூடி பற்றி நான் எழுதியது

திருச்சுழிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிற வேலை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மருந்து ஜன்னலுக்கு யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில் படிப்பேன். அருப்புக்கோட்டையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். பேசியதைத் தொகுத்து எழுதுவது என் பொறுப்பு. ஒரு சிறுபத்திரிகையில் அது ‘வாசகர் கருத்து’ என்று இரண்டு பக்கம் வரும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்கக் கலைகளின் வரலாறு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூல். நடுவில் வழவழப்பான தாளில் படங்கள் இருந்தன. வெண்கலத் தலைகள், செதுக்கிய முக்காலிகள், மர முகமூடிகள். பங்குனி மாதத்து மதியம் ஒன்றில் அந்தப் பக்கங்களை விரித்து வைத்திருந்தபோதுதான் அவர் பிரஷர் மாத்திரைக்கு வந்தார்.

அவரை எனக்கு முன்பே தெரியும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் எங்கள் நிலையத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீடு பாளையம்பட்டியில் கட்டியிருந்தார். வாரம் ஒருமுறை மிளகாய்க் காட்டைப் பார்க்க வருவார், மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். அதிகம் பேசமாட்டார். அன்று மாத்திரையைக் கையில் வாங்கிய பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“அந்தப் படத்தக் கொஞ்சம் திருப்புங்க மேடம்,” என்றார்.

புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஐவரி கோஸ்ட்டில் ஒரு முந்திரிக் கிடங்கில் பதினோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்ததாகச் சொன்னார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. அந்த நாட்டில் வாழ்ந்த ஒருவர் எங்கள் கூட்டத்தில் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

“எனக்குப் படிச்சுப் பழக்கமில்ல மேடம்.”

“படம் பார்த்தாப் போதும் அண்ணே. வாங்க,” என்று புத்தகத்தையே கொடுத்தனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போல முதலில் பேசியது எங்களில் ஒருவரான கல்லூரிப் பேராசிரியர். ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் பொருட்கள் எப்படிப் போயின என்று சொல்லும் அத்தியாயம்தான் நூலின் உயிர் என்றார். திருடியவன் வீட்டுச் சுவரில் மாட்டி, கீழே விளக்கம் எழுதி, பார்க்க வருகிறவனிடம் கட்டணமும் வாங்குகிறான் என்றார். நாங்கள் தலையாட்டினோம். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருப்பதாக ஒருவர் குறைப்பட்டார். நடனம் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம் என்றார் இன்னொருவர். என் முறை வந்தபோது, அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் தூக்கம் வரவில்லை என்று சொன்னேன். உண்மையில் நான் நன்றாகத் தூங்கினேன். கூட்டத்தில் அப்படிச் சொல்வது எங்களுக்குப் பழக்கம்.

கடைசியாக அவர் எழுந்தார். உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

“வெள்ளக்காரன் எடுத்துட்டுப் போனான்னு எல்லாரும் சொல்றீக. சரிதான். எங்கிட்டயும் ஒன்னு இருக்கு. நான் எடுத்துட்டு வந்தது.”

கிடங்கில் ஒரு வயதான வாட்ச்மேன் இருந்தாராம். வடக்கே ரொம்ப தூரத்து ஊர்க்காரர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து உடலை எடுத்துப் போனார்கள். அவர் இருந்த அறையை ஒழித்துப் போடச் சொன்னார் முதலாளி. தகரப் பெட்டிக்குள் பழைய துணியில் சுற்றி ஒரு முகமூடி இருந்தது.

“அத எடுத்து என் ரூம்ல வச்சுக்கிட்டேன். ஒரு மாசம் கழிச்சு அவரு தம்பி வந்தாரு. ரெண்டு நாள் பஸ்ஸுல வந்திருக்காரு. அவரு பேசுற பாஷை எனக்குத் தெரியாது. கைய இப்படி மொகத்துக்கு முன்னால விரிச்சுக் காட்டுனாரு.” தன் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். “எனக்குப் புரிஞ்சிருச்சு. புரியாத மாதிரி நின்னேன். மறுபடியும் காட்டுனாரு. இல்லன்னு தலையாட்டுனேன். குடிக்கத் தண்ணி கேட்டாரு. உள்ள ஃபில்டர் தண்ணி இருந்துச்சு. வெளிக்குழாயக் காட்டிவிட்டேன். குடிச்சிட்டுப் போயிட்டாரு.”

“ஏன் சார் குடுக்கல?” என்று பேராசிரியர் கேட்டார்.

“தெரியல சார். அழகா இருந்துச்சு.”

அந்த முகமூடி இப்போது பாளையம்பட்டி வீட்டு வாசலுக்கு மேலே திருஷ்டிக்காகத் தொங்குகிறது என்றும் சொன்னார். ஊரில் எல்லோரும் கடையில் பூத முகம் வாங்கி மாட்டுகிறார்கள், இது அதைவிட லட்சணமாக இருக்கிறது என்று மனைவி மாட்டிவிட்டாளாம். யாரிடமிருந்து வந்தது என்று அவளிடம் அவர் சொன்னதில்லை.

பேராசிரியர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் டீ குடிக்க இறங்கிப் போனார்கள். அவர் மட்டும் என்னிடம் வந்து, “அத திருப்பிக் குடுக்கணும் தங்கச்சி. அங்க எங்கூட இருந்த கிளார்க்கு நம்பர் இருக்கு. கேட்டுப் பாக்குறேன்,” என்றார். அதுவரை மேடம் என்றவர் தங்கச்சி என்றது எனக்கு இதமாக இருந்தது.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். மற்றவர்கள் பேசியதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு மீதி முழுவதும் அவரைப் பற்றி எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் ஊர் போட்டேன், முந்திரிக் கிடங்கு என்று போட்டேன், வாசலுக்கு மேலே தொங்குவதையும் போட்டேன். விரித்த கையைப் பற்றி மட்டும் இரண்டு முறை திருத்தி எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை. இதை நான் எனக்கே ஒத்துக்கொள்ள நாளாயிற்று.

அடுத்த மாதம் அவர் மாத்திரைக்கு வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. கிளார்க் பதில் போட்டிருந்தாராம். வாட்ச்மேனின் ஊர்ப்பெயர் தெரிந்துவிட்டது, தம்பியைத் தேடச் சொல்லியிருக்கிறேன் என்றார். “கெடைச்சா பார்சல்ல அனுப்பமாட்டேன். நானே கொண்டு போறேன்,” என்றார். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பத்திரிகை வந்தது. என் எழுத்துக்கு இதுவரை வராத அளவு கடிதங்கள் வந்தன. நேர்மையான பதிவு என்றார்கள், கண் கலங்கியது என்றார்கள். பேராசிரியர் போன் செய்து, புத்தகத்தைவிட உங்கள் கருத்துதான் நன்றாக இருக்கிறது என்றார். அதை இரண்டு பேரிடம் நானே சொல்லிக்கொண்டேன். யாரோ அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப்பில் போட, அது சுற்றிச் சுற்றிப் பாளையம்பட்டியில் அவர் தெருக் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த மாதம் மாத்திரைச் சீட்டோடு ஜன்னலில் நின்றது அவர் மனைவி.

“நீங்கதான எழுதுனது?” என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

ஆமாம் என்றேன்.

“செத்தவரு பெட்டியிலருந்து எடுத்ததுன்னு எங்கிட்ட அவுக சொல்லவே இல்ல. நாலு வருசமா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அதுக்குச் சாம்பிராணி காட்டியிருக்கேன். எம்மக அந்த வீட்டுல இருந்தப்பத்தான் ரெண்டு தடவையும் கலைஞ்சுச்சு. பக்கத்து வீட்டுக்காரி போன்ல படிச்சுக் காட்டுறா.”

“இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“அவுக மல்லாங்கிணத்துக்குப் போயிருந்த அன்னைக்கு எந்தம்பிய வரச் சொன்னேன். அவன் அத எறக்கி, கருவேலங்காட்டுக்குள்ள கொண்டுபோயி எரிச்சுட்டு வந்துட்டான்.”

சீட்டை வாங்கினேன். எந்த மாத்திரை என்று படிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

“அவுக என்ன சொன்னாக?”

“வந்து வாசல அண்ணாந்து பாத்தாக. ஒன்னும் கேக்கல. அன்னையிலருந்து சரியாச் சாப்பாடும் இல்ல.” மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் கிளம்பினார். கர்ப்பம் கலைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் அவரே வந்தார். இளைத்திருந்தார். போனை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். ஒரு போட்டோ. நரைத்த தாடியோடு ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

“வாட்ச்மேன் தம்பி இவருதான். கெடைச்சுட்டாரு. எப்ப வாரேன்னு கேட்டு கிளார்க்கு மெசேஜ் போட்டிருக்கான். இப்ப நான் என்னன்னு சொல்ல?”

நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் ஏதோ சொன்னேன். பிறகு, உண்மையைச் சொல்லிவிடுங்கள் அண்ணே என்றேன்.

“உண்மைய ஒரு தடவதான் சொன்னேன். அது என்ன ஆச்சுன்னு பாத்தீகள்ல,” என்றார்.

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து, “நீங்க எழுதுறவுகதான. எழுதிக் குடுங்க,” என்று போனை என்னிடம் கொடுத்தார்.

பிரெஞ்சில் அனுப்பினால் கிளார்க் அதைத் தம்பியிடம் சொல்லிவிடுவார்; தமிழில் எழுதினால் பிரெஞ்சில் மாற்றித் தரும் வசதி அந்தப் போனில் இருந்தது. நான்கு வாக்கியம் எழுதினேன். உங்கள் அண்ணனின் முகமூடியை எடுத்தது நான்தான். அன்று நீங்கள் கேட்டது எனக்குப் புரிந்தது. திருப்பித் தர நினைத்திருந்தேன், அதற்குள் என் வீட்டில் அதை எரித்துவிட்டார்கள். என்னை மன்னியுங்கள். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

“அந்தக் கடைசியத் தூக்கிருங்க.”

“மன்னிப்பு வேண்டாமா?”

“அவரு கேட்டு நான் குடுக்கல. இப்ப நான் கேட்டு அவரு குடுக்கணுமா?”

அதை அழித்தேன். என்னிடமிருந்து போனை வாங்கி அவரே அனுப்பினார். கிளார்க் படித்துவிட்டதற்கு அடையாளமாகச் சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் ஏதும் வரவில்லை. என் வேலை முடிந்து ஜன்னலைச் சாத்தும்வரை அவர் பெஞ்சிலேயே இருந்தார். பிறகு இரண்டு பேரும் சாலைக்கு வந்து நின்றோம். அருப்புக்கோட்டை பஸ் வந்ததும் அவர் முன்வாசலில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன்.

அதன் பிறகு நான் பத்திரிகைக்கு எழுதவில்லை. கூட்டத்துக்கும் போவதில்லை. உடம்பு சரியில்லை என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அந்த அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை மாத்திரைக்கு வருகிறார். மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். ஐவரி கோஸ்ட்டிலிருந்து பதில் வந்ததா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பிரஷர் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. போன முறை டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதியிருந்தார்.