லத்தீஃபாவின் நாலு பின் வயர்

வாயில் ஒரு ஊக்கைக் கடித்துக்கொண்டு, லேப்டாப்பை மடியில் கவிழ்த்துப் போட்டு, பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல் அதன் ஓரங்களைத் தடவிக்கொண்டிருப்பாள் லத்தீஃபா. யாராவது உள்ளே நுழைந்தால் "வா, குந்து" என்பதற்கு முன்னால் அந்த மெஷினைப் பற்றிய புகார்தான் வரும். "ஏன் டீச்சர், இத்தச் செஞ்சவன் வூட்ல பொம்பளைங்களே கெடையாதா? ஒருத்தியாச்சும் கேட்டிருப்பாளே, சார்ஜர ரைட்டு கைப் பக்கமா சொருவ வெச்சிட்டா மவுஸ எங்கடா நவுத்தறதுன்னு!"

டீச்சர் என்பது நான், கோமளம். செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் எங்கள் தெரு. நான் மாடி வீடு, அவள் எதிர்வீடு. அவள் கணவருக்கு பஜாரில் பாய், தலையணை வியாபாரம். அவளுக்கு வீடியோ. முஸ்லிம் கல்யாணங்களில் மண்டபத்துக்கு நடுவே ஒரு திரை தொங்குமே, அந்தத் திரைக்கு ஆண்கள் பக்கம் தாமோதரன் ஸ்டூடியோ ஆட்கள் படம் பிடிப்பார்கள். பெண்கள் பக்கம் லத்தீஃபா. கோவளம், திருப்போரூர், மதுராந்தகம் வரைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் அப்படியொன்றும் பிரமாதமாகப் படம் பிடிக்கிறவள் அல்ல. பாதிப் படத்தில் தலை வெட்டுப்பட்டிருக்கும். ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள் கையில் கேமரா வேறு எப்படி இருக்கும்? ஆனால் அவள் எடுத்த டேப்பை எந்த ஆணும் பார்க்கமாட்டான். படம் பிடிப்பதும் அவளே, கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவளே, வெட்டி ஒட்டி டிஸ்க் போடுவதும் அவளே. டிஸ்க்கின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, பெண்ணின் அம்மா கையில் நேராகக் கொடுத்துவிட்டு வருவாள். சொந்தப் புருஷன் அறைக்குள் வந்தால்கூட "த, அங்கியே நில்லு" என்று ஒரு அதட்டல் கிளம்பும்.

எழுத்து போடுகிற வேலை மட்டும் என்னுடையது. மணமகள் பெயர், தேதி, கீழே இரண்டு பூ. தமிழ் டைப்பிங் அவளுக்கு ஒற்றை விரல்; ஒரு பெயரை அடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வருவாள். அதனால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் நடப்பாள். படம் டிஸ்க்கில் ஏறும்போது ஒரு பச்சைக் கோடு நகருமே, அது நகர்கிற வரைக்கும் கூடத்துக்கும் வாசலுக்கும் நடைதான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். "நீ மட்டும் இன்னா, கடியாரத்த பாத்துகினு குந்திகினு கீற" என்று திருப்பிக் கொடுப்பாள். உண்மைதான். எனக்கும் பொறுமை கிடையாது, மெஷின்கள் மேல் எனக்கும் புகார் உண்டு. எங்கள் பள்ளிக்கு வந்த லேப்டாப்பின் சார்ஜரில் சுண்டுவிரல் தடிமனுக்கு மூன்று முள். சுவரில் இருக்கிற எந்த ஓட்டையிலும் அது நுழையாது. அது பீரோவில் தூங்குகிறது.

அவளுடைய பழைய லேப்டாப் அம்மிக்கல் கனம். ஆனால் அதில் வேண்டிய ஓட்டையெல்லாம் இருந்தது. முக்கியமாக இடதுபக்கம் ஒரு சின்னச் சதுர ஓட்டை. கேமராவிலிருந்து படம் இறங்குவதற்கு அதுதான் வழி. ஃபயர்வயர் என்று பெயராம். அவளுக்கு அது 'நாலு பின்'. அந்த வயரைத் தங்கச் சங்கிலி மாதிரி மஞ்சள் பையில் சுற்றி வைத்திருப்பாள். 2008-ல் ஒரு நாள் நடந்த நடையில் அவள் காலே சார்ஜர் வயரில் மாட்டி, அம்மிக்கல் தரையில் விழுந்தது. பொத்தேரியில் காலேஜ் பையன்களின் லேப்டாப்பெல்லாம் பார்க்கிற ஏசுபாதத்திடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போர்டே பூட்ச்சிக்கா. இந்த மாடல் பார்ட்டு இப்ப வர்றதில்ல."

அப்போது பார்த்துத்தான் கோவளத்து ருக்சானாவின் கல்யாண டேப் கம்ப்யூட்டரில் ஏறாமல் கையில் இருந்தது.

அதிலும் அது சும்மா விருந்து டேப்பல்ல, மருதாணி இரவு டேப். தோழிகள் பாட்டைப் போட்டு ஆட, ருக்சானாவும் முடியை அவிழ்த்துவிட்டு ஆடியிருக்கிறாள். அம்மாக்காரி தயங்கியபோது லத்தீஃபாதான் சொல்லியிருக்கிறாள்: "ஆடட்டும் விடுக்கா. ஒரு ஆம்பள கண்ணு இதுமேல படாது. அதுக்கு நானாச்சு." அதற்கு முந்தின வருஷம்தான் வேறு ஓர் ஊரில் யாரோ ஒரு பெண்ணின் கல்யாண டேப்பிலிருந்து ஒரு துண்டு வெளியே கசிந்து, செல்போன் செல்போனாகச் சுற்றியது. அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு. ருக்சானாவோ வெள்ளிக்கிழமை புருஷனோடு ஷார்ஜா போகிறாள். ஃபோனில் அவள் அழாத குறை. "அங்க எனக்கு யாருமே இல்ல மாமி. அந்த டிஸ்க்கு ஒண்ணு இருந்தா போட்டுப் பாத்துகினு இருப்பேன். தயவு செஞ்சி குட்த்துடு."

நல்ல வேளையாக லத்தீஃபாவின் தம்பி அப்பாஸ் துபாயிலிருந்து வந்து இறங்கினான், அக்காவுக்கு ஒரு புது லேப்டாப்போடு. தகதகவென்று கறுப்பு. திரை கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் படம் தெரிவதற்கு முன்னால் நம் மூஞ்சிதான் தெரிந்தது. "கல்யாணப் பொண்ணப் பாக்கறதா, எம் மூஞ்சிய பாக்கறதா" என்று அலுத்துக்கொண்டே லத்தீஃபா மஞ்சள் பையிலிருந்து வயரை எடுத்தாள். இடதுபக்கம் பார்த்தாள். வலதுபக்கம் பார்த்தாள். கவிழ்த்தாள். நாலு பின் இல்லை.

இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. அந்தச் சதுரம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாகவே ஒரு பிளாஸ்டிக் அடைப்பு வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் விலையுயர்ந்த மாடலில் திறந்திருக்குமாம், இதில் அடைத்துவிட்டார்களாம். உள்ளே ஓட்டை கட்டாயம் இருக்கும், மேலேதான் மூடி வைத்திருக்கிறார்கள் என்று லத்தீஃபா ஊக்கால் அதை நெம்பினாள். நானும் டார்ச் பிடித்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. அடைப்பு பிய்ந்து வந்தது. உள்ளே இருட்டு. "யா அல்லா! காலி டப்பாவுக்கு மூடி போட்டு வெச்சிகிறான் பாரு டீச்சர்!" என்று அவள் கத்தியதில் அப்பாஸ் குளித்துக்கொண்டிருந்தவன் துண்டோடு ஓடிவந்தான்.

"அக்கா, இப்பல்லாம் யுஎஸ்பிதான். நாலு பின் காலமெல்லாம் மலையேறிப் போச்சி" என்றான் அவன்.

"என் கேமரா மலையேறலியே! அது இங்கதான குந்தினு கீது!"

மறுநாள் அவள் மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போய், மவுண்ட் ரோடு பக்கம் ஏதோ சந்துக்கடையில் ஒரு வயர் வாங்கி வந்தாள். ஒரு முனை நாலு பின், மறுமுனை யுஎஸ்பி. கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்தானாம். இரண்டு பக்கமும் அழகாகச் சொருகியது. படம் மட்டும் வரவில்லை. கேமரா பாட்டுக்குக் கேமரா, லேப்டாப் பாட்டுக்கு லேப்டாப். ஏசுபாதத்துக்கு ஃபோன் போட்டால், "அது சும்மா வயருக்கா, அதுல படம் வராது. பொருந்தறதெல்லாம் வேலை செய்யாது" என்று சிரித்தார். லத்தீஃபா சிரிக்கவில்லை. அந்த வயரை வாசலில் எறிந்தாள். பிறகு போய் எடுத்து வந்து, மறுபடி சொருகிப் பார்த்தாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

வியாழக்கிழமை காலையில் நான்தான் வாயைக் கொடுத்தேன். "தாமோதரன் கிட்ட அந்த ஓட்டை வெச்ச கம்ப்யூட்டர் இருக்குமே லத்தீஃபா. கொடுத்தா ஏத்திக் கொடுத்துட்டுப் போறார். தங்கமான மனுஷன்."

அவள் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லவருதான். நான் இல்லன்னனா? கெட்டவனுக்குக் காட்ட மாட்டேன்னா டீச்சர் நான் சொன்னேன்? ஆம்பளைக்குக் காட்ட மாட்டேன்னு சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அப்படியானால் அந்தப் பெண் வெறுங்கையோடு விமானம் ஏறட்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழிருந்து குரல். பர்தா போட்டுக்கொண்டு, தோளில் கேமராப் பையோடு தெருவில் நின்றிருந்தாள். "வா, ஸ்டூடியோக்கு. கம்ப்யூட்டரு அவருதா இருக்கட்டும், ஏத்தறது நானு. அவரு வெளில நிக்கட்டும். நீ கூட இரு."

தாமோதரனிடம் விஷயத்தைச் சொன்னோம். "இன்னா பாயம்மா, இதுக்கா இத்தினி நாளு பேஜாரு? கடைய எட்த்துக்க. நான் எதுத்தாப்ல டீக்கடைல குந்திகினு ஆளு வராம பாத்துக்கறேன்" என்று எழுந்துகொண்டார். வெளியே பூட்டிவிடட்டுமா என்று கேட்டார். கரண்ட் போனால் மூச்சு முட்டிச் சாவதா என்றாள் அவள். ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போனார்.

உள்ளே பார்த்தால் மானிட்டர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சுவர்ப் பக்கம் திருப்பலாம் என்றால் வயர் எட்டவில்லை. ஒரு முழத்துக்கு மேல் வயர் விட்டால் மானிட்டர் செய்தவனுக்குக் குடி முழுகிப் போகுமாம்! ஷட்டர்தான் இறங்கியிருக்கிறதே என்று விட்டுவிட்டோம். நாலு பின் வயரைச் சொருகினாள். ஒரே 'டிக்'. திரையில் கோவளத்து வீட்டுக் கூடம் வந்தது. லத்தீஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

இதில் ஒரு தொல்லை, டேப் ஒரு மணி நேரம் என்றால் ஏறுவதற்கும் ஒரு மணி நேரம். அவசரப்படுத்த முடியாது, நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. தகரக் கூரை, தலைக்கு மேல் ஒரு ஃபேன், அதுவும் வெந்நீர் ஆவியைத்தான் வீசியது. நடக்க இடமில்லாமல் மூன்றடிக்குள் சுற்றிச் சுற்றி வந்து, நெற்றி வியர்வை மூக்கில் சொட்ட, கடைசியில் பர்தாவைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில், அவள் வீட்டுச் சுவருக்கு வெளியே அவள் தலைமுடியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நரைக்க ஆரம்பித்திருந்தது. "இன்னா பாக்கற? நீயும் சாயம்தான அடிக்கற" என்றாள்.

டேப் நடுவுக்கு வந்தது. ருக்சானா ஆடுகிற இடம். இரண்டு கையிலும் மருதாணி ஈரமாக இருந்ததால் கையை மேலே தூக்கிக்கொண்டே ஆடுகிறாள். முடி இடுப்புவரை புரள்கிறது. யாரோ ஏதோ சொல்ல, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். "எவ்ளோ சந்தோசமா கீது பாரு கொயந்த" என்றாள் லத்தீஃபா. அந்த ஒரு இடத்தில் அவள் நடக்காமல் நின்றாள்.

தெருவில் தாமோதரன், "யோவ்! யோவ் சடையப்பா! தூக்காதய்யா!" என்று கத்துவது கேட்டது. அதற்குள் ஷட்டர் தடதடவென்று மேலே போய்விட்டது. பட்டப்பகல் வெயிலோடு ஓர் ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "அண்ணாத்த, அர்ஜென்ட்டா பாஸ்போர்ட் சைஸு..."

நான் பாய்ந்து மானிட்டரை அணைக்கப் பார்த்தேன். பொத்தானைக் காணோம். முன்னால் இல்லை, பக்கத்தில் இல்லை, அடியில் தடவினால் வழவழவென்று இருக்கிறது. கண்ணில் படாத இடத்தில் பொத்தானை ஒளித்து வைப்பதுதான் இப்போதெல்லாம் அழகாம், பாவிகள். லத்தீஃபாவின் கை நாற்காலி முதுகுக்குப் போய்ப் பர்தாவை உருவியது. தலையில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதை ஒரே உதறு உதறி மானிட்டரின் மேல் வீசினாள்.

வீசிவிட்டு, துணி வழுக்காமல் இரண்டு முனைகளையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெயில் அவள் தலையிலும் கழுத்திலும் பின்னலிலும் அடித்தது. அடியில் பாட்டும் சிரிப்பும் ஓடிக்கொண்டிருந்தன. தாமோதரன் ஓடிவந்து இழுத்த ஷட்டர் தரையைத் தொடும்வரை அவள் கையை எடுக்கவில்லை.