மாலா அம்மாவின் சாவிக்கொத்து

ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாலாவின் அம்மா. இன்னும் அதை இடுப்பில் செருகியிருக்கிறார்.

பதினைந்து வயதில் நானும் சேகரும் செம்பாக்கத்துப் பேய் வேட்டைக்காரர்கள். இரும்புக்குப் பேய் பயப்படும் என்பது எங்கள் பெரிய ஞானம். எதிர்வீட்டு மாலா வலிப்பு வந்து விழுந்தபோது, அந்தச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து, “ஓடிப்போ!” என்று கத்தினோம். கொஞ்ச நேரத்தில் வலிப்பு தானாக நின்றது.

“பேய் போயிடுச்சுக்கா, ஆஸ்பத்திரில்லாம் வேணாம்” என்றேன் அவள் அம்மாவிடம். எங்களுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் இரண்டு தட்டு தின்றேன்.

அடுத்த மாதம் துணி துவைக்கப் போன மாலா, வலிப்பு வந்து ஏரியில் விழுந்து செத்தாள்.

இப்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு நீ கூட இருந்திருந்தா எம்பொண்ணு பொயச்சிருப்பா கண்ணு.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.