கருப்புசாமியின் ஷூவும் வெங்கடபதியின் சாமி அறையும்

டைல்ஸ் ஒட்டுகிற ஆட்கள் மத்தியில் கருப்புசாமிக்கு ‘வெடி’ என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சிமெண்டில் மணல் கூடினால் கத்துவார். ரசமட்டத்தை யாராவது காலால் தாண்டினால் கத்துவார். டைல்ஸ் பெட்டியைத் தொப்பென்று இறக்கிவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். அப்பேர்ப்பட்ட மனுசன் கத்தாமல் நின்ற ஒரு நாள் உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூருக்கே டைல்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. நன்றாக இருந்த சிவப்புத் தரையைக் கொத்திப்போட்டு வெள்ளை டைல்ஸ் ஒட்டிக்கொண்டார்கள். கருப்புசாமிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. டைல்ஸ் வெட்டுகிற பழைய கட்டர் தேய்ந்துபோனதும் புதுசு வாங்க உக்கடத்தில் சிக்கந்தரின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். வழக்கம்போல அங்கேயும் சண்டைதான்.

“எல்லாம் ஒரே மாலுதான் மேஸ்திரி. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் சிக்கந்தர்.

“ஒரே மாலா? கைப்பிடிய ஆட்டிப் பாருங்க பாய். விழப்போற பல்லாட்டம் ஆடுது. இது நேர்கோடு கிழிக்குமா, கோலம் போடுமா?”

அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். இரண்டு தண்டுகளும் வளையாமல் நிற்கின்றனவா, கைப்பிடி அவற்றின் மேல் தடையில்லாமல் ஓடுகிறதா, நுனியிலுள்ள குட்டிச் சக்கரம் இழுப்பில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்தார். டைல்ஸை மூலைக்கு மூலை குறுக்காக வைத்தாலும் பலகைக்குள் அடங்க வேண்டும். சின்ன கட்டரை வாங்கிவிட்டு அப்புறம் டைல்ஸை வெளியே நீட்டி வைத்து ஒடிக்கிறவனைக் கண்டால் அவருக்கு அடிவயிற்றிலிருந்து எரிச்சல் வரும்.

பையில் கொண்டுவந்திருந்த டைல்ஸ் ஒன்றை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சக்கரத்தை ஒரே அழுத்தமாக ஒரு முறை ஓட்டினார். அழுத்தித் தட்டியதும் பட்டென்று இரண்டானது.

“ஒரே கோடுதான் பாய். திருப்பித் திருப்பிக் கிழிச்சா உள்ளுக்குள்ள ஒடைஞ்சு கோணலாப் போயிரும். சில்லும் மூஞ்சிக்குத் தெறிக்கும். அது தெரியாத எருமைங்க ஒம்பது வாட்டி தேய்ச்சுப்போட்டு மிசினத் திட்டுதுங்க.”

சிக்கந்தர் அதைக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, உங்க கால்ல ரத்தம்.”

ரப்பர் செருப்பைத் துளைத்து ஒரு டைல்ஸ் சில்லு குதிகாலுக்குள் ஏறியிருந்தது. எங்கே ஏறியது, எப்போது ஏறியது என்று கருப்புசாமிக்குத் தெரியவில்லை. வலியே இல்லை. சிக்கந்தர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சர்க்கரை முற்றி, பாதத்தில் உணர்ச்சி செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். இன்னொரு முறை இப்படிக் குத்திச் சீழ் வைத்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும், இனிமேல் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே கட்டரோடு சேர்த்து ஒரு ஜோடி ஷூவும் வீட்டுக்கு வந்தது. கெட்டி அடி, பழுப்பு நிறம், நீளமான லேஸ். மனைவி மாசாணியம்மாள் அதைத் தினமும் உதறி, உள்ளே கைவிட்டுத் தடவி, சில்லு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவரைப் போட விடுவாள். வேலை செய்கிற இடத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். கலெக்டர் வந்துட்டாருங்கோ என்றார்கள். கருப்புசாமி கத்தினார். ஆனால் அந்தக் கத்தலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா அங்கப்பன் சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். பண்ணையக்காரர்கள் குடியிருந்த வீதி வந்தால் செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். வெயிலானாலும் முள்ளானாலும் அப்படித்தான். ஒருநாள் மறந்துபோய் நாலு எட்டு வைத்துவிட்டார். “கழட்டுடா” என்று ஒரு குரல் கேட்டது. அங்கப்பன் குனிந்து கழற்றினார். கூடவே நடந்து போன கருப்புசாமி அதைப் பார்த்தார். அந்தக் குரலுக்குரிய ஆளின் முகம் மறந்துவிட்டது. அப்பாவின் முதுகு குனிந்த வேகம் மட்டும் மறக்கவில்லை. அதற்காகத்தான் அவர் ஊரை விட்டு கோயமுத்தூர் வந்தார். அதற்காகத்தான் எதற்கெடுத்தாலும் கத்துகிறார் என்றும் சொல்லலாம்.

வெங்கடபதி வீட்டு வேலை, ஷூ வாங்கியதற்கு அடுத்த வருசம் வந்தது. நூல் மில்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தவர். வடவள்ளி ரோட்டில் புது வீடு கட்டினார். கூடம், சமையலறை எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன. கடைசியாக சாமி அறை. அவருடைய மனைவி ராமாமணி அங்கே மட்டும் டைல்ஸை மூலைவாட்டில் ஒட்டச் சொல்லியிருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் சுவரோரம் வருகிற ஒவ்வொரு டைல்ஸையும் முக்கோணமாக வெட்ட வேண்டும், மெல்லிய துண்டுகளைக் குறடால் கடித்துக் கடித்து எடுக்க வேண்டும். காலடியெல்லாம் சில்லு சிதறுகிற வேலை அது.

அன்று காலை நல்ல நேரம் பார்த்து மாடத்தில் சாமி படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கருப்புசாமி கட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது வெங்கடபதி குறுக்கே வந்து நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க கருப்புசாமி. சாமி ரூமு பாருங்க. ஷூவக் கழட்டிருங்க.”

எவ்வளவு மரியாதை! ‘ங்க’ போட்டுச் சொன்னார், சிரித்துக்கொண்டு சொன்னார். சத்தியமங்கலத்தில் கேட்டதும் இதே உத்தரவுதான், அதற்கு இங்கே புதுச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். இத்தனைக்கும் அவருடைய பட்டறை வாசலில், ‘காலணி இல்லாமல் உள்ளே வராதீர்’ என்று பெயிண்டில் எழுதிய பலகை தொங்கும். கடைசலில் சிதறும் இரும்புச் சீவல் காலில் குத்துமாம். அந்தப் பட்டறைக் கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டியதும் கருப்புசாமிதான். அந்தப் பலகையைப் படித்தவர்தான்.

வெடி வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. வாய் திறப்பதற்குள் கை லேஸுக்குப் போய்விட்டது.

“கால்ல சக்கரைங்க, டாக்டர் சொல்லியிருக்காருங்க” என்று குனிந்தபடியே முனகினார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

“அப்ப வெளிய வெச்சு வெட்டுங்க. போட்டுட்டு வெட்டுங்க, கழட்டிப்போட்டு உள்ள வந்து ஒட்டுங்க. நாஞ் சொல்றது சரிதானுங்களே?” என்றார் வெங்கடபதி, பெரிய தர்மத்தைச் செய்துவிட்டவர் போல.

சாமி அறை வாசற்படிக்கு வெளியே கட்டரை வைத்துக்கொண்டார். ஒரு முக்கோணம் வெட்டுவது, குறடால் கடிப்பது, பிரஷால் சில்லைத் தள்ளுவது, லேஸை அவிழ்ப்பது, உள்ளே போய் வைத்துப் பார்ப்பது, ஒரு நூல் கூடுதலாக இருந்தால் வெளியே வருவது, மறுபடி லேஸைக் கட்டுவது. நீங்கள் செய்து பாருங்கள், எத்தனை தடவை கட்டுவீர்கள் என்று தெரிந்துவிடும். கிரகப்பிரவேசம் நெருங்கிவிட்டது, சீக்கிரம் சீக்கிரம் என்று வெங்கடபதி பின்னாலேயே நின்றார். மத்தியானத்துக்கு மேல் ஷூ சுவரோரம் அப்படியே கிடந்தது. கருப்புசாமி வெறுங்காலோடு உள்ளேயும் வெளியேயும் நடந்தார். எங்கோ ஒரு சில்லு பிரஷுக்குத் தப்பியது.

காப்பி டம்ளரோடு வந்த ராமாமணிதான் முதலில் பார்த்தார்.

“அய்யோ, ரத்தம்! சாமி ரூமெல்லாம் ரத்தமுங்கோ!”

கருப்புசாமி திரும்பிப் பார்த்தார். வெள்ளை டைல்ஸ் மேல் வாசற்படியிலிருந்து மாடம் வரைக்கும் சிவப்பாகக் காலடிகள். யாருடைய கால் என்று ஒரு கணம் அவருக்கே புரியவில்லை. வலக்காலைத் தூக்கிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. எவ்வளவு நேரமாக அதன் மேல் நடந்திருக்கிறார்!

தோட்டத்தில் பெயிண்டரோடு வாதாடிக்கொண்டிருந்த வெங்கடபதி, மனைவி போட்ட சத்தத்தில் அப்படியே உள்ளே ஓடிவந்தார். காலைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார்.

“என்னய்யா இது? படம் வெச்ச அன்னைக்கே தீட்டுப் பண்ணிப்போட்டியே! அறிவு வேண்டாம்?”

காலையிலிருந்த ‘ங்க’ எங்கே போனதோ தெரியவில்லை. கருப்புசாமியும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி அறையின் நட்டநடுவே, மாடத்துக்கு முன்னால், வெங்கடபதியின் இரண்டு தோல் செருப்புகளும் தோட்டத்துச் சேற்றோடு நின்றுகொண்டிருந்தன. வெங்கடபதி அவற்றுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

“செருப்பக் கழட்டுங்க” என்றார் கருப்புசாமி.

“என்னது?”

“சாமி ரூமுங்க. கழட்டுங்க.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் வெங்கடபதியும் கத்தியிருப்பார். அந்த மெதுவான குரலுக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ராமாமணி புருசனின் காலைப் பார்த்தார்.

“ஏனுங்க, கழட்டிருங்க” என்றார்.

வெங்கடபதி முதலில் இடது செருப்பைக் கழற்றினார், பிறகு வலது செருப்பை. செருப்புகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் வாசற்படி வரைக்கும் தரையைப் பார்த்தார். ரத்தத்துக்கு நடுவில் எது சில்லு, எது சிமெண்டுத் துகள் என்று தெரியவில்லை. எடுத்த காலை வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

கருப்புசாமி வாசற்படியில் உட்கார்ந்து குறடால் சில்லைப் பிடுங்கினார். துண்டைக் கிழித்துச் சுற்றினார். ஷூவை மாட்டினார். கட்டரைத் தூக்கிக்கொண்டார்.

“அந்தம்மா கூட்டற வரைக்கும் கால எடுக்காதீங்க, குத்திப்போடும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கருப்புசாமிக்கு அந்த வீட்டில் இதை யாரும் சொன்னதில்லை.

காயம் சீழ் வைத்தது. கால் தப்பியது, இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். வெங்கடபதி வீட்டில் கிரகப்பிரவேசத்தைத் தள்ளி வைத்தார்கள் என்று சிக்கந்தர் வந்து சொன்னார். விரல் போனதற்காக அல்ல, சாமி அறையில் ரத்தம் பட்டதற்காக.

கட்டுப் பிரித்த அன்று மாசாணியம்மாள் மனதில் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

“சோத்துல உப்புக் கொறஞ்சா கத்தறீங்க. பஸ்ஸு நிக்காமப் போனாக் கத்தறீங்க. என்னையக் கத்தாத நாளு உண்டுங்களா? அந்தாளு கழட்டச் சொன்னப்ப மட்டும் வாயி எங்க போச்சுங்க?”

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவள் மேல் இல்லை. வெங்கடபதி மேல்கூட இல்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“வாயச் சொல்லாத. இந்தக் கைதான் முந்திக்கிச்சு. எங்கய்யன் கை. டாக்டரு தப்பான எடத்துல எடுத்துப்போட்டாரு மாசாணி. கையில எடுத்திருக்கோணும்.”

அவள் ஷூவை எடுத்து உதறி, உள்ளே கைவிட்டுத் தடவினாள்.

பாதியில் நின்ற சாமி அறையை முடித்துக் கொடுக்கச் சொல்லி வெங்கடபதியே வீடு தேடி வந்தார். மறுபடியும் ‘ங்க’ போட்டார். ஷூவைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. போகாதீர்கள் என்றாள் மாசாணியம்மாள். கருப்புசாமி போனார்.

ரத்தம் பட்ட டைல்ஸைப் பெயர்த்துப் புதுசு ஒட்ட வேண்டியிருந்தது. மாடத்தில் சாமி படம் அப்படியே இருந்தது. வெங்கடபதி வெறுங்காலோடு உள்ளே ஓரமாக நின்றார். ராமாமணி கதவுக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேருடைய கண்ணும் அந்தப் பழுப்பு ஷூவின் மேலேயே இருந்தது. யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆனாலும் வாசற்படியில் கருப்புசாமியின் கால் நின்றது, முதுகு வளைந்தது, கை தானாகக் கீழே லேஸுக்குப் போனது.

வெங்கடபதி மூச்சு விட்டார்.

கருப்புசாமி லேஸுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, கட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.