ஓடியது, கரண்ட் வரவில்லை

ஜெனரேட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் மட்டும் வரவில்லை. உள்ளறையில் என் கணவர் சவரிமுத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

ஆண்டவரை நம்பி இந்த அன்பியச் செபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் என் உறவுகளே, நான் ஆரோக்கியம். எனக்கு மேடைப் பேச்சு வராது, திட்டத்தான் வரும். சாட்சி சொல்லச் சொன்னார்கள். மனதைத் தேற்றும் சாட்சியாக இருக்குமா என்று எனக்கே தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் எடப்பாடிக்குப் பக்கம். வீடு ஊருக்குள் இல்லை, தோட்டத்துக்கு நடுவே தனியாக இருக்கிறது. வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை. என் கணவர் மீசை முளைக்கும் முன்பே தறிக்கு வந்தவர். பஞ்சுத் தூசியைத் தின்றே வளர்ந்தவர் என்று சொல்லலாம். கடைசியில் நுரையீரல் சுருங்கிவிட்டது. சேலத்துப் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது திரும்பாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார். நான் அந்த ஆளோடு சண்டை போட்டேன். அவர் பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஆக்சிஜன் மெஷின். கரண்டில் ஓடும். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அது நின்றால் சற்று நேரத்தில் அவர் உதடு நீலமாகிவிடும். சின்னச் சின்னக் கரண்ட் வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தது. பெரிய வெட்டு வந்தால் கொட்டகையிலிருந்த சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழிக்கு என்று சின்னதாக ஒரு சிலிண்டர்.

சனிக்கிழமைதோறும் நான் கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்ப்பேன். "ஓடுதுங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்துவேன். அவர் கட்டிலிலிருந்து கட்டைவிரலைக் காட்டுவார். அணைத்துவிடுவேன். ஒரு பல்பைக்கூட மாட்டிப் பார்த்ததில்லை. சத்தம் வந்தால் கரண்டும் வரும் என்று நினைத்தேன்.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து வந்து, சோறு வடித்து, அவருக்கு ரசத்தில் கரைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மேற்கே வானம் கறுத்தது. அப்புறம் அடித்தது பாருங்கள் ஒரு காற்று! கொட்டகைத் தகரம் ரெண்டு பறந்துபோய்ச் சோளக்காட்டில் விழுந்தது. எடப்பாடி ரோட்டில் பெரிய புளியமரம் சாய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் கம்பங்கள் கம்பியோடு தரையில் கிடந்தன. கரண்ட் போனது. போனில் டவரும் போனது. மகள் ஸ்டெல்லா ஓசூரில் இருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் குடும்பத்தோடு வெண்ணந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருத்தரும் இல்லை.

இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தது. அது கீச்சிட ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. "அப்பாடா" என்று நீட்டு வயரை இழுத்துவந்து மெஷினைச் செருகினேன். மெஷினில் விளக்கு எரியவில்லை.

வயர்தான் போயிருக்கும் என்று வேறு வயர் போட்டேன். எரியவில்லை. மெஷினையே தூக்கிக்கொண்டு போய் ஜெனரேட்டரில் நேராகச் செருகினேன். இல்லை. மிக்சியை மாட்டினேன். டேபிள் ஃபேனை மாட்டினேன். ஒன்றும் அசையவில்லை. டிரிப் ஆகியிருக்குமோ என்று ஜெனரேட்டரில் இருக்கும் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், அது சரியாகத்தான் இருந்தது. அணைத்து, மறுபடி ஓடவிட்டேன். என்ஜின் சொன்னபடி கேட்கிறது. கரண்ட் சொட்டுக்கூட இல்லை. கோபத்தில் அதை ஓங்கி ஒரு உதை விட்டேன். என் கால்விரல்தான் வீங்கியது. மெஷினைத் திரும்பத் தூக்கிவந்து கட்டில் பக்கம் வைத்தேன்.

அதற்குள் அவரைச் சிலிண்டரில் மாட்டியிருந்தேன். அதன் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. பார்க்காதே என்று மனது சொல்கிறது, கண் அங்கேயே போகிறது.

"அதப் போட்டு ஏன் உதைக்கற? அதென்ன மாடா?" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "வந்து உக்காரு ஆரோக்கியம். போதும்."

"என்னங்க போதும்? வாய மூடிக்கிட்டு இழுங்க மூச்ச!" என்று கத்தினேன். கத்திவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது செபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பக்தியோடு முழங்காலில் நின்று செபிக்கவில்லை. செபமாலையைச் சுவரைப் பார்த்து வீசினேன். மாதா படத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டை போட்டேன். "உன் கோயில் தைத் தேருக்கு ஜெனரேட்டர் இல்லாம தவிச்சாங்களே, நாந்தானே தந்தேன்? என் ஊட்டுக்காரர் மூச்சு நல்லாகோணும்னு நேந்துதானே தந்தேன்? உன் தேரு ஊரெல்லாம் ஜொலிச்சுதே! இன்னைக்கு என் ஊட்டுல ஒரு மெஷினு ஓடக்கூடாதா? இதுதான் எனக்கு நீ குடுக்கற கூலியா?"

 வெளியே என்ஜின் மட்டும் வெட்டியாகக் கத்திக்கொண்டிருந்தது. போய் அதை அணைத்தேன். அணைத்ததும் வீடு அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நிமிடம் எனக்குள் இருந்த நம்பிக்கை முழுவதும் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவர் பிழைப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. பிழைக்க வை என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நான் கேட்டது இவ்வளவுதான்: "சாமி, இவரு போறப்ப நான் ஒத்தையா இருக்கக் கூடாது. என்னால முடியாது. யாரையாச்சும் அனுப்பு. யாரா இருந்தாலும் சரி."

கொஞ்ச நேரத்தில் ரோட்டுப் பக்கம் ஒரு ஹாரன் சத்தம். பிறகு வரப்பு மேல் ஒரு ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பார்த்தால் கபூர் பாய். எடப்பாடியில் மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர். அவர் கட்டும் ஸ்பீக்கர் சத்தத்துக்கு நான் எத்தனையோ முறை வாசலில் நின்று அவரை வைதிருக்கிறேன். அந்த ஆளைத்தான் ஆண்டவர் அனுப்பினார்!

"அக்கா, கொடுவாள் இருக்குதுங்களா? புளியமரம் ரோட்டுல படுத்துக்கிச்சு. என் டெம்போ நவுர மாட்டேங்குது."

 அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். கட்டிலைப் பார்த்தார். சிலிண்டர் முள்ளைப் பார்த்தார். கொடுவாளை மறந்துவிட்டார்.

"ஜெனரேட்டர் இல்லீங்களா?"

"இருக்குது பாய். ஓடுது. கரண்டுதான் வரமாட்டேங்குது."

டெம்போவுக்கு ஓடிப்போய்க் கரண்ட் பார்க்கும் மீட்டரும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவந்தார். ஓடவிட்டு மீட்டரை வைத்தார். முள் அசையவே இல்லை. தலையைச் சொறிந்தார்.

"கடைசியா எதுக்குங்க்கா ஓட்டுனீங்க? சும்மா ஓட்டுனத சொல்லல, லைட்டுப் போட்டு ஓட்டுனது."

"தைத் தேருக்கு."

"எப்படி நிறுத்துனீங்க?"

"நாங்க எங்க நிறுத்தறது? மாதா தேரு விளக்கைக் கையால அணைக்கக் கூடாது பாய். பெட்ரோல் தீர்ந்து அதுவா நிக்கும், விளக்கும் அதுவா அணையும். எப்பவும் அப்படித்தான்."

"அத்தனை லைட்டும் எரியறப்பவேவா?"

"ஆமா."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! அதுதானுங்க்கா. உள்ள துளி காந்தம் மிச்சம் இருந்தாத்தான் கரண்டு பொறக்கும். லோடோட இழுத்து இழுத்து நின்னா அந்தக் காந்தம் செத்துப்போயிரும். லைட்ட எல்லாம் அணைச்சுப்போட்டு, சித்த நேரம் வெறுமனே ஓடவிட்டு, அப்பறம் நிறுத்தோணும். என் கடையில எத்தனை மெஷினு இப்படிப் போச்சு தெரியுங்களா?"

நான் அப்படியே நின்றேன். என் கணவர் உயிருக்காக நான் மாதாவுக்குக் கொடுத்ததுதான் அவர் உயிருக்கு உலை வைத்திருக்கிறது. அழவும் தோன்றவில்லை, சிரிக்கவும் தோன்றவில்லை.

பாய் டெம்போ பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். ஜெனரேட்டரின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே கார்பன் பிரஷ்ஷுக்குப் போகும் ரெண்டு வயரை உருவினார். பேட்டரியிலிருந்து ரெண்டு வயர் எடுத்து, "பிஸ்மில்லா" என்று அந்த இடத்தில் தொட்டார். நான் "இயேசுவே" என்றேன். சின்னதாக ஒரு பொறி பறந்தது. வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு ஓடவிட்டோம். மீட்டரில் ஒன்றும் இல்லை.

உள்ளே ஓடிப் பார்த்தேன். சிலிண்டர் முள் சிவப்பில் படுத்துவிட்டது. அவர் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அவ்வளவுதான்" என்று அந்தப் பார்வை சொன்னது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே பாய் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது.

"பிளஸ்ஸ மைனஸ்ல வெச்சுட்டேனாட்ட இருக்குது! என் புத்தியச் செருப்பால அடிக்கோணும்!"

மறுபடி கயிற்றை இழுக்கும் சத்தம். என்ஜின் கிளம்பியது. இந்தத் தடவை அதன் குரல் மாறி, ஒரு கனத்த சத்தம் வந்தது. நீட்டு வயரில் செருகியபடியே விட்டிருந்த டேபிள் ஃபேன் வாசலில் சுற்ற ஆரம்பித்தது.

"அக்கா! மெஷின மாட்டுங்க!"

மாட்டினேன். விளக்கு எரிந்தது. 'பீப்' என்றது. காற்று போகும் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த சின்னப் பந்து மெல்ல மேலே ஏறியது. குழாயை அவர் மூக்கில் வைத்தேன். உதட்டில் நிறம் திரும்ப நெடுநேரம் ஆனது. ஆனால் திரும்பியது.

கபூர் பாய் அன்று பொழுது சாயும் வரை போகவில்லை. எங்கள் மொபெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி ஊற்றினார். நான் சர்க்கரை போட மறந்து கொடுத்த டீயை, அதைச் சொல்லாமலே குடித்தார். மரத்தை வெட்டி ரோட்டைத் திறக்க ஆட்கள் வந்த பிறகுதான் கிளம்பினார். கேட்டுக்கொண்டு வந்த கொடுவாளை வாங்காமலே போய்விட்டார்.

இந்தத் தையில் தேர் முடிந்ததும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், "ஏனுங்க அம்மிணி, மாதா விளக்கக் கையால அணைக்கறதா?" என்று பதறினார். "மாதாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேனுங்க" என்று அணைத்தேன். சனிக்கிழமைதோறும் இப்போது ஃபேனை மாட்டித்தான் ஓட்டிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆனால் அந்தத் தைத் தேரை என் கணவர் பார்க்கவில்லை. ஐப்பசியிலேயே போய்விட்டார்.

அன்று கரண்ட் இருந்தது. மெஷின் ஓடியது. ஜெனரேட்டரும் தயாராக இருந்தது. அவரால்தான் மூச்சை இழுக்க முடியவில்லை. டாக்டர் முதலிலேயே சொன்னதுதான். "அப்புறம் என்ன அற்புதம் நடந்துவிட்டது?" என்று சிலர் என்னிடம் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நான் என்ன கேட்டேன்? சுகம் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. இவர் போகும்போது நான் ஒத்தையாக இருக்கக் கூடாது என்றுதான் கேட்டேன். அவர் போன அன்று ஸ்டெல்லா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசிச் செபித்து, நோயில் பூசுதல் கொடுத்தார். கபூர் பாய் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். யாரையாச்சும் என்று ஒரு ஆளைத்தான் கேட்டேன். வீடு கொள்ளாமல் ஆட்களை அனுப்பினார் ஆண்டவர்.

எனக்கு ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆறவில்லை. அந்தக் கட்டிலைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. அவரிடம் இன்னும் சண்டை போடுகிறேன், ஆண்டவரைத்தான் சொல்கிறேன். ஆனால் அவர் இருக்கிறார் என்று தெரிந்துதானே சண்டை போடுகிறேன்? நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவரிடம் கேளுங்கள். பெரிதாகக் கேட்க வாய் வராவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். திட்டியாவது கேளுங்கள்.

உங்களில் யார் வீட்டிலாவது இன்று அப்படி ஒருவர் படுத்திருக்கலாம். பக்கத்தில் நீங்கள் மட்டும் இருக்கலாம். என்னால் நோயைத் தீர்க்க முடியாது. எந்த ராத்திரியானாலும், எந்த மழையானாலும் எனக்கு ஆள் அனுப்புங்கள். வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.