எதிர்க்கடை பென்டிரைவ்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தொழிலில், நாம் விற்றது ஓடாவிட்டால்கூடத் தூக்கம் வரும். எதிர்க்கடைக்காரன் விற்றது ஓடினால் வராது. இந்த வயிற்றெரிச்சல் தெரிந்தவர்கள் மேலே படியுங்கள்.

மூன்று விசிறி

திருவொற்றியூரில் என் கடைக்குப் பத்து வருட வாடிக்கை அந்தோணி. எண்ணூர் பட்டறை ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து தருபவர். விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டார். அதில் ஓடும்படி, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று கேட்டார். அது சரியாக அமைந்தால் பட்டறைக்கு ஐந்து கம்ப்யூட்டர் ஆர்டரும் எனக்கே என்றார்.

லினக்ஸில் நான் பூஜ்யம். சூடு தணிக்கும் விசிறி அதிகமிருந்தால் நல்ல கார்டு என்பது என் கொள்கை. அன்றுதான் வந்திறங்கிய புது மாடலை, மூன்று விசிறியோடு, சீல் பிரிக்காமல் கொடுத்தேன். மறுநாள் பெட்டியோடு வந்து நின்றார்.

“விசிறி சூப்பரா சுத்துது நைனா, ஸ்கிரீன்தான் கறுப்பா கீது!”

கண்ணாடி துடைத்தது

எதிரே ஜெபராஜ் கடை. தூத்துக்குடிக்காரர், வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தோணி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக அங்கே போனார். நான் என் கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். பாவி மனிதர், பென்டிரைவிலேயே லினக்ஸ் வைத்திருக்கிறார்! கார்டை மாட்டி, பென்டிரைவைச் செருகி, திரையில் படம் வந்த பிறகுதான் பில் போடுகிறார். ரொம்பப் புது கார்டை லினக்ஸ் அடையாளம் காணக் கொஞ்ச நாளாகுமாம்; அவர் அந்தோணியிடம் சொன்னது இங்கே கேட்டது. அந்தோணிக்குக் கொடுத்தது போன வருட மாடல், ஒற்றை விசிறி. பளிச்சென்று ஓடியது.

பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். பத்து வருடம் என் கடையில் டீ குடித்தவர் அங்கே உட்கார்ந்து குடித்தார். போதாக்குறைக்கு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“இன்னா மாமு, தொடச்சு தொடச்சு கண்ணாடி தேஞ்சுடப் போவுது!”

தூது

ஐந்து கம்ப்யூட்டர் ஆர்டரும் கைநழுவி ஜெபராஜுக்குப் போனது. அந்த பென்டிரைவ் மாதிரி ஒன்று எனக்கும் வேண்டும். போய்க் கேட்க மானம் விடவில்லை. மனைவி சாந்தியை, “உன் தம்பிக்கு வேணும்னு சொல்லி வாங்கிட்டு வா” என்று அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் வந்துவிட்டாள். பென்டிரைவோடு, லினக்ஸில் எந்தெந்த கார்டு ஓடும் என்று எழுதிய காகிதமும் இருந்தது. ஜெபராஜ் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

“தம்பிக்கில்ல, அண்ணாச்சிக்குத்தான்னு தெரியும் மதினி. அஞ்சு மெஷின நான் ஒத்தையில செய்ய முடியாது, ரெண்டு பேரும் சேந்து செய்வோம்னு சொல்லுங்க.”

லினக்ஸுக்கு எந்த கார்டு பொருந்தும் என்று இப்போது எனக்குத் தெரியும். எதிர்க்கடைக்காரன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் தெரியவில்லை.