சாம்பல் ஒட்டிய விரல்கள்

விறகுக் குவியலுக்குள் கையை விட்டபோது என் மகளை விரியன் கடித்தது. போளூர் வைத்தியர் உயிரைக் காப்பாற்றினார். புண்ணும் ஆறியது. ஆனால் வலக்கை விரல்கள் விறைத்தே நின்றன. சோற்றை இடக்கையால் அள்ளினாள். அந்த விரல்கள் இனி மடங்குமா என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லை.

அடுத்த தெருவில் தறி வைத்திருந்த கிறிஸ்தவப் பெண், "பகல்ல எங்கிட்ட அனுப்புங்க. எண்ணெய் போட்டு உருவி, விரல மடக்கப் பழக்குறேன்" என்றாள். கூலி வேண்டாம் என்றாள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. தன் வேதத்துக்கு இழுக்கப் பார்க்கிறாளோ? மகளைக் கேட்டால், "எண்ணெ தேய்ப்பாங்க நைனா" என்பதோடு சரி.

ஒரு மாலை மகளின் விரல்நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது. நானும் நெசவாளிதான். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, தீரும்போது பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைச் சேர்த்து முறுக்குவோம். பட்டு வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வோம். ஆயிரக்கணக்கான இழைகள், இடுப்பொடியும் வேலை. வைத்தியம் என்ற பேரில் என் பிள்ளையிடம் அந்த வேலையை வாங்குகிறாள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். கதவோரம் நின்றேன்.

"இன்னாண்ணா, வெளியவே நின்னுகினு நோட்டம் பாக்குறீங்க? உள்ள வாங்க."

அவள் தறியில் சேலை பாதி நெய்த நிலையில் இருந்தது; பாவு தீர இன்னும் நாளிருந்தது. மகளோ சுவரோரம், இரண்டு குச்சிகளில் கட்டிய கழிவு இழைகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை இழுத்துப் பார்த்தேன். முறுக்கு விட்டுப்போனது. இன்னொன்று, அதுவும்.

"இத எந்தத் தறியில ஏத்துறது, நீங்களே சொல்லுங்க" என்று அவள் சிரித்தாள். "விரல மடக்குடின்னா அழுவுது. இழைய முறுக்குடின்னா தானா மடக்குது."

"நைனா எங்க ஆயி சுடுற தோசையக்கூட திருப்பிப் பாத்துதான் துன்னும், அத்தே" என்றாள் மகள்.

அப்படியும் என் மனம் ஆறவில்லை. கை பழகியதும் தன் தறிக்கே வைத்துக்கொள்வாளோ? அடிக்கடி போனேன். போகும்போதெல்லாம் இழைகளை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் விட்டுப்போயின.

ஒருநாள் ஓர் இழை விடவில்லை. பலமாக இழுத்தேன். இழை வேறிடத்தில் அறுந்தது. முறுக்கு அப்படியே இருந்தது.

"அறுத்துட்டீங்களே நைனா!"

"இப்பவாவது சந்தேகம் தீந்துச்சாண்ணா?"

அடுத்த இழையைப் பிடித்து இழுத்தேன். அதுவும் விடவில்லை.